உப்புக்காற்றில் கறள் பிடிக்கும் மோட்டார் சைக்கிள்: அறிகுறியைப் பார்த்து வீட்டுச் சாமானால் சரிசெய்வது

திருகோணமலையில் டச்பே பக்கமோ உட்துறைமுக வீதியிலோ குடியிருப்பவர் மோட்டார் சைக்கிளை ஓடவே வேண்டாம். வெளி விறாந்தையில் சும்மா நிறுத்தி வைத்தாலே போதும், ஒரு மாரி கழிவதற்குள் ஹான்டிலில் மண்ணிறப் புள்ளி எழும்பிவிடும். உப்புவெளி, சல்லி, நிலாவெளி என்று கடலோரமாகப் போகப்போக இது இன்னும் கெதி. அதே வண்டி கடலுக்கு எட்ட உள்ள கந்தளாயில் நின்றால் இவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்காது.

வித்தியாசம் உப்பில் இருக்கிறது. இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தாலே கறள் வரும். உப்பும் கூடச் சேர்ந்தால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் பிடித்து வைக்கிறது. அதிலுள்ள குளோரைட்டு கறளின் அடியில் புகுந்து இரும்பைக் குழி குழியாகத் தின்கிறது. மேலே தெரியும் செந்தூளைச் சுரண்டிவிட்டு அடியில் உப்பை அப்படியே விட்டால், கறள் அதே இடத்தில்தான் திரும்பி வரும். கறளைக் கரைக்க வீட்டிலுள்ள புளிப்புச் சாமான் ஏதாவது போதும். உப்பைப் போக்க நல்ல தண்ணீரை விட்டால் வேறு மருந்தில்லை. அதனால் வேலை ஒழுங்கு எப்போதும் இப்படி: முதலில் நல்ல தண்ணீர், பிறகு புளிப்பு, பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீர், பிறகு வடிவாக உலர்த்துவது, கடைசியில் எண்ணெய் அல்லது மெழுகு.

தேசிக்காயை உப்பில் தொட்டுத் தேய்க்கச் சொல்லும் கைமருத்துவம் ஒன்று எல்லா இடத்திலும் உலாவுகிறது. உப்பு புளிப்பின் வேகத்தைக் கூட்டும், அது உண்மை. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு நம் கையாலேயே வண்டிக்கு உப்புப் போடுவது வேலியில் போன ஓணானை மடியில் கட்டுவதுதான். தேசிக்காய் மட்டும் போதும்.

கைவைக்க முன்

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டுகிற இடம் இரும்பு. அங்கே வருவது கறள். ஒட்டாத இடம் பெரும்பாலும் அலுமினியம். அங்கே வரும் வெள்ளைத்தூள் கறள் அல்ல, அதற்கு வைத்தியமும் வேறு. வண்டி முழுவதையும் ஒரே மருந்தால் தேய்த்துப் பாழாக்குவது இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாததால்தான்.

அடுத்தது தண்ணீர். கடலோரத்துக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவர். அதால் வண்டியைக் கழுவினால் கடற்காற்று செய்யும் வேலையை வாளியால் செய்கிறோம். ஒரு மிடறு வாயில் வைத்தாலே தெரிந்துவிடும். கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே பாவியுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர். கடற்கரை மணலில் ஓடிவிட்டு வந்த அன்று, சவர்க்காரம்கூட வேண்டாம், நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும்; ஆனால் அன்றைக்கே ஊற்ற வேண்டும்.

சாமான்களைப் பொறுத்தவரை வினாகிரிதான் பிரதானம். தென்னங்கள்ளில் செய்த நல்ல வினாகிரியைக் குசினிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் மலிவான செயற்கை வினாகிரிக்கும் அதே வேலைதான். அதோடு தேசிக்காய், சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாள், அப்பச்சோடா, பழைய பல் பிரஷ், மண்ணெண்ணெய், பழைய பருத்தித் துணி. பழப்புளியும் கறளைக் கரைக்கும். ஆனால் வினாகிரி இருக்கும்போது ஏன் புளியைக் கரைத்துக் கொட்ட வேண்டும்? கோலாவும் அப்படித்தான். அதில் பொஸ்பரிக் அமிலம் இருப்பது உண்மை, ஆனால் வேலை முடிந்தபின் சீனிப்பிசினைக் கழுவுவது இன்னொரு வேலை, கழுவாவிட்டால் எறும்பு. அதைக் குடித்துவிடலாம்.

இரண்டு சாமான்களை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள். ஒன்று, துணி வெளுக்கும் குளோரின் திரவம். அது கறளை நீக்காது, கூட்டும். அதை வினாகிரியோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. மற்றது, கழிப்பறை கழுவும் அமிலம். கறள் கண்முன்னே மறைவதைப் பார்த்து ஆட்கள் மயங்குகிறார்கள். அது குரோமையும் அதன் அடியிலுள்ளதையும் சேர்த்தே தின்னும். அதன் ஆவி பட்டுப் பக்கத்திலுள்ள இரும்புக்கும் அடுத்த நாளே கறள் பிடிக்கும்.

குரோமில் மண்ணிறப் புள்ளிகள். விரலால் தடவினால் சொரசொரப்பு

ஹான்டில், கண்ணாடித் தண்டு, லெக் கார்ட், பின் கரியர், ரிம் இவற்றில்தான் முதலில் வரும். குரோமுக்குக் கறள் பிடிப்பதில்லை. குரோம் பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் உண்டு. அந்தத் துளை வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போய், அடியிலுள்ள இரும்பில் பிடித்த கறள்தான் மேலே புள்ளியாகத் தெரிகிறது. ஆகவே புள்ளியைத் துடைத்தாலும் துளை அங்கேயே இருக்கும். அதை அடைக்காவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். மணல் ஒரு துணிக்கை கிடந்தாலும் தேய்க்கும்போது கோடு விழும். பிறகு அலுமினியத் தாளில் உள்ளங்கையளவு துண்டைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தாளுக்கும் குரோமுக்கும் இடையில் சாம்பல் கறுப்பாக ஒரு குழம்பு ஊறும், விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். அந்தக் குழம்பு வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. ஆனால் கறளைச் சுரண்டும். தாள் காய விடாதீர்கள், அடிக்கடி நனையுங்கள். சொரசொரப்பு போனதும் துணியால் துடைத்துப் பாருங்கள். புள்ளி இருந்த இடத்தில் ஊசிமுனையளவு கறுப்பு மிஞ்சினால், அதில் வினாகிரி நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டு, திரும்பவும் தாளால் தேய்க்கலாம். அதற்கு மேல் ஊறவிட வேண்டாம்.

பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி, உடனே உலர்த்துங்கள். இந்த இடத்தில் சோம்பல் கூடாது. புளிப்புப் பட்டு வெறுமையான இரும்பு சில நிமிடங்களிலேயே மஞ்சளாகத் தொடங்கும். வெயிலில் நிறுத்தி, தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்தபின் கார் மெழுகை மெல்லியதாகப் பூசி, காயவிட்டுத் துடைத்தால் துளைகள் அடைபடும். மெழுகு இல்லாவிட்டால் எஞ்சின் ஓயில் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. ஆனால் அதில் தூசு ஒட்டும், அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் கிட்ட இருக்கிறது என்பதற்காக அதைப் பூசுகிறவர்களும் உண்டு. நாள்போக்கில் அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துவைக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

ரிம்மில் தேய்க்கும்போது கம்பிகள் வந்து சேரும் முடிச்சுகளை மறக்காதீர்கள். உப்பு அங்கேதான் தங்கும். பல் பிரஷால்தான் அங்கே நுழைய முடியும்.

இரும்புப் பஞ்சு பற்றிக் கேட்பார்கள். மிக மென்மையான ரகமாக இருந்தால் குரோமில் பாவிக்கலாம். ஆனால் அதிலிருந்து உதிரும் இழைகள் ஒட்டிக்கொண்டால் அவையே புதுக் கறளுக்கு வித்து. அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் அதைத் தொடவே வேண்டாம்.

குரோம் செதிலாக உரிகிறது

இதற்கு வீட்டில் மருந்தில்லை. உரிந்த ஓரம் பிளேடாக வெட்டும், கையுறை போடுங்கள். ஒன்றில் திரும்பக் குரோம் பிடிக்கக் கொடுக்க வேண்டும், அல்லது உரிந்ததை முழுக்கச் சுரண்டி, அரத்தாள் போட்டு, பிறைமர் அடித்துக் கறுப்புப் பெயின்ற் பூச வேண்டும். கரியருக்கும் லெக் கார்டுக்கும் கறுப்புப் பெயின்ற் ஒன்றும் குறைவில்லை.

முன் ஷொக் குழாயில் புள்ளி. அதன் கீழ் ஓயில் ஈரம்

இதுவும் குரோம்தான், ஆனால் அழகுக்கு அல்ல. முன் ஷொக்கின் பளபளப்பான குழாய் ஒவ்வொரு குழியிலும் ஓயில் சீலுக்குள் போய் வருகிறது. அதில் கறள்புள்ளி இருந்தால் அது சீலை அறுத்துவிடும், பிறகு ஓயில் கசியும். கசிந்த ஓயில் டிஸ்க்குக்கோ பிறேக் பாட்டுக்கோ போனால் பிறேக் பிடிக்காது.

முதலில் எந்த இடத்தில் புள்ளி இருக்கிறது என்று பாருங்கள். முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அமுக்கி விட்டால், தூசு படியாமல் பளிச்சென்று துடைபட்டிருக்கும் பகுதிதான் சீல் ஓடும் பாதை. அதற்கு மேலே இருக்கும் கறள் பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். பாதைக்குள் இருப்பதுதான் பிரச்சினை. அங்கே அலுமினியத் தாளைத் தண்ணீருக்குப் பதில் ஒரு சொட்டு எஞ்சின் ஓயிலில் நனைத்து, குழாயைச் சுற்றிவரத் தேயுங்கள். மேல்கீழாகத் தேய்க்க வேண்டாம். அந்தத் திசையில் விழும் கோடு ஓயில் ஏறி வரப் பாதை ஆகிவிடும். அரத்தாள் இங்கே ஆகாது. வினாகிரியும் சீல் கிட்ட வேண்டாம்.

துடைத்தபின் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுப்படாவிட்டால் நல்லது. தட்டுப்பட்டால் அது குழி. ஓரிரண்டு சின்னக் குழிக்கு ஒரு உபாயம் உண்டு: குழியைத் துடைத்து உலர்த்தி, நிறமில்லாத நகப்பூச்சில் ஒரு சொட்டு விட்டு, முழுக்கக் காய்ந்தபின் மிக நைசான வோட்டர் பேப்பரால் அந்தச் சொட்டை மட்டும் குழாயோடு சமமாக்குவது. சீலின் உதட்டைக் கொஞ்சக் காலம் அது காப்பாற்றும். குழிகள் கொத்தாக இருந்தால் குழாயை மாற்றத்தான் வேண்டும். புதுச் சீல் மட்டும் போட்டால் அதுவும் கெதியாகக் கிழிந்துவிடும்.

எஞ்சின் மூடியில் வெள்ளைப் பூ

காந்தம் ஒட்டாது. இது அலுமினியம் உப்போடு அரித்த பூ. பாத்திரம் கழுவும் திரவமும் பிரஷும் முதலில். மிஞ்சியதற்குத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்த வினாகிரியைத் தடவி, ஐந்து நிமிடத்துக்குள் அலசிவிட வேண்டும். சலவைச் சோடாவை இதன்மேல் போடாதீர்கள். காரம் அலுமினியத்தைத் தின்னும், மூடி கறுத்துவிடும். பற்றரி முனையில் வரும் நீலம் கலந்த வெள்ளைத்தூள் வேறு வகை, அதற்கு அப்பச்சோடாத் தண்ணீர்தான் சரி. எதிர்மறை வயரை முதலில் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

செயின் சிவந்திருக்கிறது, சில கண்ணிகள் மடங்கியபடியே நிற்கின்றன

எஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டுத்தான் செயினில் கைவைக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் துணி பிடித்துச் செயின் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சில்லைக் கையால் சுற்றுங்கள்.

செயினை வினாகிரியில் ஊறப்போடும் யோசனையை விட்டுவிடுங்கள். உறுதியாக்கிய உருக்குக்கு அமிலம் பகை. அமிலத்திலிருந்து வரும் ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும் செயின் ஓட்டத்தில் அறுந்துபோகலாம். ஸ்பிரிங்குகளுக்கும் இதே கதிதான். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். மேற்பரப்புச் சிவப்பு போய்விடும், இறுகிய கண்ணியைக் கையால் இருபக்கமும் ஆட்டினால் இளகும். துடைத்து உலர்த்தி, கியர் ஓயில் சொட்டுச் சொட்டாக உள்பக்கத்தில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவியும் கண்ணி இளகாவிட்டால், அல்லது பின் சக்கரப் பல்லிலிருந்து செயினைப் பின்னால் இழுக்கப் பாதிப் பல் வெளியே தெரிந்தால், செயினின் ஆயுள் முடிந்துவிட்டது.

சைலன்சரின் அடிப்பக்கம் கறுத்துச் செதிலாகிறது

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். சந்தைக்கும் ஓர்ஸ் ஹில்லுக்கும் மட்டும் போய்வரும் வண்டியின் சைலன்சர் முழுக்கச் சூடாவதில்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கிவிடுகிறது. அதனால் இது உள்ளிருந்து வெளியே வரும் கறள். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் நிற்காது. கிழமைக்கு ஒருமுறையாவது நிலாவெளி வீதியில் நீட்டி ஓடிவிட்டு வந்தால் உள்ளே காய்ந்துவிடும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் தகடு இருக்கிறது, மொத்தென்றால் போய்விட்டது. வெளிக்கறளுக்கு அலுமினியத் தாள், அதன்பின் வெப்பம் தாங்கும் பெயின்ற். சூடாகும் இடத்தில் ஓயில் பூசாதீர்கள், புகையும்.

பெயின்ற் கொப்புளித்திருக்கிறது, குத்தினால் செந்தூள்

சட்டகம், பின் போர்க், பற்றரிப் பெட்டியின் அடி, பக்க ஸ்டாண்டின் மூட்டு. மீன் வியாபாரிகளின் வண்டியில் இது பின்பக்கத்தில் கடுமையாக இருக்கும். கரியரில் கட்டிய பெட்டியிலிருந்து உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் தம்பலகாமம் வரைக்கும் பின் ஷொக்கிலும் போர்க்கிலும் சைலன்சரிலும் சொட்டிக்கொண்டே போகும். அப்படி ஓடும் வண்டிக்குக் கறள் நீக்குவதைவிடப் பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டு, தோட்டக் குழாய்த் துண்டொன்றைச் சொருகி, சில்லுக்கு வெளியே பின்னால் தண்ணீர் விழும்படி விடுவதுதான் பெரிய வைத்தியம்.

கொப்புளத்தைப் பழைய கத்தியால் நல்ல பெயின்ற் ஒட்டியிருக்கும் ஓரம் வரை சுரண்டுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைப் போக்குங்கள். வினாகிரியில் தோய்த்த துணியைச் சுற்றி, காயாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையால் மூடி, இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். எடுத்ததும் கறள் சேறாக வழியும். பிரஷ் போட்டு, அப்பச்சோடாத் தண்ணீரால் துடைத்து, அலசி, உலர்த்தி, அரத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, அன்றைக்கே சிவப்பு ஒக்சைட்டுப் பிறைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் இரவுக் காற்று மறுபடியும் கறளைப் பிடித்துவிடும். இந்த வேலைக்குக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள்தான் உகந்தவை. அந்தக் காற்று தரைப்பக்கமிருந்து சூடாகவும் உலர்ந்தும் வரும். ஐப்பசிக்குப் பிறகு வாடை கடலிலிருந்து ஈரத்தையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவரும், அப்போது அடிக்கும் பெயின்றின் அடியில் உப்பு அகப்பட்டுவிடும்.

கடைகளில் கறளைக் கறுப்பாக மாற்றும் திரவம் விற்கிறார்கள். அவற்றில் பலதில் இருப்பது தனின் அல்லது பொஸ்பரிக் அமிலம். தனின் தேயிலையிலும் உண்டு. கடுமையாகக் காய்ச்சிய தேயிலைச் சாயத்தைக் கறள் இரும்பில் தடவினால் நீலம் கலந்த கறுப்பாக மாறுவதைப் பார்க்கலாம். வேடிக்கைக்கு நல்லது. பாதுகாப்புக்கு அது போதாது.

குத்தின கத்தி உள்ளே இறங்கிவிட்டால் நிறுத்துங்கள். சட்டகத்தில் ஓட்டை என்றால் அது ஒட்டுவேலை தெரிந்தவரிடம் போக வேண்டியது. பெயின்றால் மூடினால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

வண்டி விக்கி விக்கி ஓடுகிறது. காபரேற்றர் கிண்ணத்தில் செந்தூள்

பெற்றோல் தாங்கிக்குள் கறள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வண்டிகள் அரைத் தாங்கியோடும் கால் தாங்கியோடும் மாதக்கணக்கில் நின்றன. பெற்றோல் இல்லாத மேல்பாதியில் ஈரக்காற்று புகுந்து இரவில் குளிர்ந்து தண்ணீராகும். தகடு அங்கிருந்துதான் சிவக்கத் தொடங்கும். மூடியைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தாங்கியின் வாய்க்குள் கொண்டுபோக வேண்டாம், தீக்குச்சியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. உள்ளே பெற்றோல் பம்பு இருக்கும் புதிய ரக வண்டியென்றால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

பெற்றோலை மூடியுள்ள பேணியில் வடித்துவிட்டு, தாங்கியைக் கழற்றி, திறந்த வெளியில், அடுப்புக்கும் மின் ஆளிக்கும் தூரத்தில் வையுங்கள். பெற்றோல் நிறைந்த தாங்கியைவிட, வெறுமையாகி ஆவி மட்டும் நிற்கும் தாங்கிதான் வெடிக்கக்கூடியது. ஒரு நாள் காற்றாட விட்டு, பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் விட்டுப் பலமுறை குலுக்கி ஊற்றி, பெற்றோல் மணம் போனபின்தான் அடுத்தது.

பெற்றோல் திறப்பையும் அளவு காட்டும் மிதவையையும் கழற்றுங்கள். அவற்றிலுள்ள றப்பரும் வெள்ளை உலோகமும் வினாகிரியில் கெட்டுவிடும். அந்தத் துளைகளுக்குப் பழைய ரியூப் றப்பரில் வட்டம் வெட்டி, தகட்டுத் துண்டொன்றை வைத்துப் போல்றால் இறுக்கலாம். வெளிப் பெயின்றில் வினாகிரி வழிந்தால் மங்கும், ஆகவே வாயைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டுங்கள். கறள் செதிலாக இருந்தால் ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். போடும்போது எண்ணிப் போடுங்கள், எடுக்கும்போது கணக்குச் சரிவர வேண்டும்.

பிறகு வினாகிரியை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதிக்கு நிரப்பினால் திரவமும் காற்றும் சந்திக்கும் கோட்டில் இரும்பு இன்னும் மோசமாக அரிக்கும். சின்ன வண்டிக்கே நிறையப் போத்தல் செலவாகும், இதில் கஞ்சம் பார்க்க வேண்டாம். ஓர் இரவு விட்டு, காலையில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். கடும் மண்ணிறத்தில், அடியில் சேறோடு வரும். உள்ளே சாம்பல் நிறத் தகடு தெரியும்வரை, வேண்டுமானால் இன்னோர் இரவு புதிய வினாகிரியில் விடலாம்.

வடித்தபின் எல்லாம் அவசரம். நல்ல தண்ணீரால் ஒரு அலசல், அப்பச்சோடாத் தண்ணீர் நிரப்பி ஒரு குலுக்கல், திரும்ப நல்ல தண்ணீர். தாங்கியைக் கவிழ்த்து வடியவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் உள்ளே காற்று அடியுங்கள். இது பெற்றோல் மணம் துளியும் இல்லாத தாங்கிக்கு மட்டும். காய்ந்ததும் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஓயில் கலந்து உள்ளே சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டால் உடனே வரும் மஞ்சள் கறள் நிற்கும். பொருத்தியதும் விளிம்பு வரை பெற்றோல் நிரப்புங்கள். குழாய்க்கு இடையில் ஒரு சின்ன வடிகட்டி போட்டு, முதல் சில கிழமைகள் அதை அடிக்கடி பாருங்கள். செந்தூள் சேர்ந்தால் மாற்றுங்கள்.

கழிவு வினாகிரியைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். முதலில் வடித்த பழைய பெற்றோலை எங்கேயும் நிலத்தில் ஊற்ற வேண்டாம்.

சில தாங்கிகள் கறளைக் கழுவியதும் ஒழுகத் தொடங்கும். இவ்வளவு நாளும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே கறள்தான். ஊசித்துளை என்றால் பெற்றோல் தாங்கும் பசை உண்டு. ஒட்டுவேலை செய்யத் தாங்கியைச் சும்மா எந்தக் கராஜிலும் நீட்டாதீர்கள். மிஞ்சிய ஆவியில் தீப்பொறி பட்டால் தாங்கி வெடிக்கும். அந்த வேலையில் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

காலையில் டிஸ்க் சிவந்திருக்கிறது

மழை இரவுக்குப் பிறகு இது வழமை. தெருவில் ஆள் இல்லாத இடத்தில் மெல்ல ஓடி, சில தரம் பிறேக் பிடித்தால் போய்விடும். மருந்து வேண்டாம், மெழுகு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள எது பட்டாலும் பிறேக் வழுக்கும். ஒருவேளை பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் கொண்டு டிஸ்க்கைக் கழுவுங்கள்; பாட்டில் ஊறியிருந்தால் பாட்டை மாற்றுங்கள். பிறேக் பிடித்தபின்னும் டிஸ்க்கில் வளையமாகக் கறள் மிஞ்சினால், பாட் முழுக்கப் படவில்லை, பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் இறுகியிருக்கிறது. அது கராஜ் வேலை.

போல்ற் அசையவில்லை

பலத்தைக் காட்டினால் தலை உருண்டுவிடும், அல்லது போல்றே முறியும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஓயில் கலந்து, நட்டின் அடியில் சொட்டுவிட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் இன்னொரு சொட்டு. போல்றின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகச் சில தட்டுத் தட்டுங்கள், அந்த அதிர்வில் கறள் விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு, கழற்ற முன் ஒரு மயிரிழை இறுக்கப் பாருங்கள். அசைந்தால் இனிக் கழற்றலாம். கழலும்போது பாதி சுற்றுக் கழற்றி, கால் சுற்று இறுக்கி, மீண்டும் கழற்றி என்று போக வேண்டும். ஆறு பக்கமும் பிடிக்கும் மூடிய ஸ்பனர்தான் பாவிக்க வேண்டும், வாய் திறந்த ஸ்பனரில் மூலை வழுக்கும். தாங்கிக்குப் பக்கத்து நட்டுக்கு மெழுகுதிரியோ கேஸ் லைட்டரோ பிடித்துச் சூடாக்க நினைக்க வேண்டாம்.

கழற்றிய பழைய போல்றை வினாகிரியில் போட்டால் கறளோடு நாகப் பூச்சும் போய்விடும், பிறகு அது முன்னையைவிடக் கெதியாகக் கறள் பிடிக்கும். ஹாட்வெயார் கடையில் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். பூட்டும்போது புரியில் கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள். பிறேக்கிலும் சில்லு அச்சிலும் உள்ள போல்றுக்கு மட்டும் கடையில் கிடைத்ததைப் போடாமல், அந்த வண்டிக்கென்று வரும் போல்றையே கேட்டு வாங்குங்கள்.